இமை ஓரத்து எண்ணெய்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் இருக்கும் சிறிய கண் மருத்துவமனையில் நான் ஆப்டோமெட்ரிஸ்டாகச் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. வருகிறவர்கள் என்னையும் டாக்டரம்மா என்றுதான் அழைக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, கண்ணைச் சோதித்து அளவெடுத்து டாக்டரிடம் அனுப்புகிறவள் என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனாலும் அவர்கள் சொல்வதை முதலில் கேட்பவள் நான்தான். நான் காதில் வாங்கத் தவறியது பெரும்பாலும் டாக்டரிடம் போய்ச் சேர்வதில்லை. இந்தப் பொறுப்பின் கனம் எனக்கு முழுதாகப் புரிந்தது, ஒரு பெண்ணின் கண்ணீரை அளந்துவிட்டுத் தவறான முடிவை எழுதிய பிறகுதான்.

எம்.சி. ரோட்டின் துணிக்கடை ஒன்றில் பில் போடும் வேலை பார்த்த அவருக்கு அப்போது 43 வயது. “கண்ணுல மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துதும்மா. சாயந்திரம் ஆனா கரிக்குது, தண்ணி கொட்டிக்கினே இருக்குது” என்று முதன்முறை வந்தபோதே தெளிவாகச் சொன்னார். நாற்பதைத் தாண்டியவர், நாளெல்லாம் திரையைப் பார்ப்பவர் என்பதால் வெள்ளெழுத்துதான் காரணம் என்று எண்ணிக் கண்ணாடியின் அளவை மாற்றிக் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து அதே குறையோடு வந்தார். அந்த முறை ஷிர்மர் சோதனை செய்தேன். கீழிமைக்குள் சிறிய வடிதாள் பட்டை ஒன்றைச் செருகி, 5 நிமிடத்தில் கண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் நனைக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. 10-க்கு மேல் வந்தால் நீர் போதுமென்றும், 5-க்குக் கீழே போனால் கடுமையான உலர்வு என்றும் கொள்வோம். அவருக்கு வலக் கண்ணில் 18, இடக் கண்ணில் 21. “தண்ணீர் நன்றாகவே சுரக்கிறது, உங்களுக்கு உலர்வு இல்லை” என்று சொல்லி, அட்டையிலும் அப்படியே எழுதினேன். மூன்றாம் முறை வந்தபோது, “எனக்கு மனசுலதான் ஏதோ கோளாறுன்னு வீட்டுல சொல்றாங்கம்மா” என்றார். அவர்கள் அப்படிச் சொல்வதற்கு என் கையெழுத்தும் ஒரு சான்றாகிவிட்டிருந்தது.

அந்த வாரம்தான் எங்களிடம் புதிதாக ஒரு டாக்டர் வந்து சேர்ந்திருந்தார். அட்டையைப் படித்துவிட்டு, “இமையை அழுத்திப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்பின் முன் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, கீழிமையைச் சற்றே தாழ இழுத்து, விளிம்புக்கு அடியில் பஞ்சுக் குச்சியால் மெல்ல அழுத்தியபடி என்னையும் பார்க்கச் சொன்னார். நலமான இமையாக இருந்தால், இமைமயிர்களுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் துளைகளிலிருந்து நல்லெண்ணெய்த் துளி போலத் தெளிவாக எண்ணெய் ஊறி வந்து, உடனே பரவிவிடும். அவருக்கு முதல் சில நொடிகள் ஒன்றுமே வரவில்லை. பிறகு, பற்பசைக் குழாயை அழுத்தினால் வருவதைப் போல, மஞ்சளும் வெள்ளையுமாக மெல்லிய திரி ஒன்று எழுந்து அப்படியே நின்றது. விளிம்பு முழுவதும் நூல் நூலாகச் சிவப்பு ரத்தக் குழாய்கள் ஓடியிருந்தன. கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை போன்ற ஒன்று ஒதுங்கியிருந்தது. மூன்று முறையும் அந்த இமை என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. நான் அதை விலக்கிவிட்டு அதற்குப் பின்னால் இருந்ததை மட்டும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் துளைகள் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். ஜெர்மானிய மருத்துவரான ஹைன்ரிஷ் மைபோம் 1666-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதிவைத்த சுரப்பிகள் இவை. அவர் பெயராலேயே மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. மேலிமையில் 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவற்றிலிருந்து கசியும் எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் படர்ந்து, நீர் ஆவியாகிவிடாமல் காக்கிறது. காசிமேட்டிலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது, மீன் குழம்பின் மேல் நிற்கும் எண்ணெயை நினைத்துப் பாருங்கள் என்பேன், உடனே பிடித்துக்கொள்வார்கள். அந்த எண்ணெய் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால், இருக்கும் நீரும் நிற்காது. கருவிழியின் மேற்பரப்பு காய்ந்துபோகும்; அதை உணர்ந்த நரம்புகள் கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்ட, நீர் கொட்டும்; எண்ணெய் இல்லாததால் அதுவும் நிலைக்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். வடிதாளில் நான் அளந்தது அப்படிக் கொட்டிய நீரையும் சேர்த்துத்தான். கண்ணில் நீர் வடிகிறவரிடம் உங்கள் கண் உலர்ந்திருக்கிறது என்று சொன்னால் நம்ப மறுப்பார்கள். நானே நம்பியிருக்கவில்லை என்பதால் அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல முடிகிறது.

அதன் பிறகு நாங்கள் கண்ணீர்ப் படலம் உடையும் நேரத்தைத் தவறாமல் பார்க்கத் தொடங்கினோம். ஆரஞ்சு நிறச் சாயத்தாளைக் கண்ணில் தொட்டெடுத்து, இமைக்காமல் இருக்கச் சொல்லி, நீல ஒளியில் பார்த்தால் கண்ணின் மேல் பச்சையாக ஒரு படலம் தெரியும். அதில் முதல் கரும்புள்ளி விழும்வரை நொடிகளை எண்ண வேண்டும். 10 நொடி நின்றால் நிம்மதி. அந்தப் பெண்ணுக்கு மூன்று எண்ணுவதற்குள் படலம் கிழிந்துவிட்டது.

சில நாட்களில், பிள்ளைக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்க நான் அவருடைய கடைக்கே போக நேர்ந்தது. பில் கவுன்ட்டர் வரிசையில் நின்றபடி, அவர் எத்தனை முறை இமைக்கிறார் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தேன். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கும் கண், திரையைக் கூர்ந்து பார்க்கும்போது அதில் பாதிகூட இமைக்காது என்று படித்ததுண்டு. அவர் இமைத்தது ஐந்து முறை. அதிலும் மூன்று அரை இமைப்புகள், மேலிமை பாதி இறங்கி ஏறிவிட்டது. இமை முழுதாக மூடித் தொட்டால்தான் எண்ணெய் பிதுங்கி வரும். தேவர்களை இமையவர் என்பார்கள், அவர்கள் கண் இமைக்காதாம். கவுன்ட்டருக்குப் பின்னால் பத்து மணி நேரம் நிற்கும் ஒரு பெண்ணின் கண்ணால் அது எப்படி ஆகும்? தலைக்கு நேர்மேலே ஏசியின் காற்று வழி திறந்திருந்தது. மானிட்டருக்கு அடியில் பில் ரோல் பெட்டியை வைத்து உயர்த்தியிருந்ததால், அவர் கண்ணை அகல விரித்து மேல்நோக்கியே பார்க்க வேண்டியிருந்தது. கண் எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வேகமாகக் காயும்.

முதலாளியிடம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவர் அஞ்சினார். குளிர்காற்று நேராக முகத்தில் படக் கூடாது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். காற்று வழியில் ஓர் அட்டையை டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். பெட்டியை அவரே எடுத்துவிட்டார். இந்த இரண்டுக்கும் காசு எதுவும் ஆகவில்லை. பத்தொன்பது ஆண்டுகளில் நான் கொடுத்த பல கண்ணாடிகளைவிட அந்தக் கடிதம் பயனுள்ளது என்று உறுதியாக நினைக்கிறேன்.

மருந்துச் சீட்டில் “வெந்நீர் ஒத்தடம், தினம் இரு வேளை” என்று ஒரு வரி இருக்கும். பல ஆண்டுகள் அந்த வரியை வாசித்துக்காட்டி அனுப்பியிருக்கிறேன். அது எப்படி நடக்கிறது என்று ஒரு மதிய இடைவேளையில் நானே செய்து பார்த்தேன். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை என் கண்மேல் இரண்டு நிமிடம்கூடச் சூடாக இருக்கவில்லை. கெட்டிப்பட்ட எண்ணெய் இளக வேண்டுமானால், இமையில் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூடு 5 முதல் 10 நிமிடமாவது நிற்க வேண்டும். ஆறிப்போன துணியை வைத்துக்கொண்டு, ஒத்தடம் கொடுத்தும் பலனில்லை என்று சொன்னவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? அதன்பின் மூன்று சிறு துவாலைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றி வைத்து, மேலே உள்ளது ஆறினால் அடுத்ததை எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த ஒரு பாட்டி அதைக் கேட்டுவிட்டு, “இதுக்கு ஏம்மா இவ்ளோ பாடு? அரிசிய துணில முடிஞ்சு தோசக்கல்லுல வெச்சு எடுத்தா சூடு நிக்குமே” என்றார். செய்து பார்த்தேன், நின்றது. இப்போது அதையும் சேர்த்தே சொல்கிறேன், ஆனால் மூட்டையை முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்காமல் இமைமேல் வைக்கவே கூடாது என்ற எச்சரிக்கையோடு. உப்பு மூட்டை வேண்டவே வேண்டாம், அதன் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிவிடுகிறது. ஒத்தடம் முடிந்த கையோடு, சுத்தமான விரலால் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும், இமைமயிர் வரிசையை நோக்கி மெல்ல நீவிவிட வேண்டும். விழியை அழுத்தக் கூடாது. இவற்றை ஒருமுறை என் முன்னால் செய்துகாட்டாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. இதற்கு ஒருவருக்கு எட்டு நிமிடம் ஆகிறது, வெளியே காத்திருப்பவர்கள் கோபப்படவும் செய்கிறார்கள்.

சொட்டு மருந்தைப் பற்றிக் கவலையோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிவந்த கண்ணோடு மருந்துக் கடைக்குப் போய், அங்கே கொடுத்ததைப் போட்டுக்கொள்வது எங்கள் பகுதியில் சாதாரணம். மீன்பிடிப் படகில் போகிற ஒருவர், போட்டால் உடனே சிவப்பு தணிகிறது என்று ஒரே சொட்டு மருந்தை ஏழெட்டு மாதம் போட்டுவிட்டு வந்தார். குப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், நாட்பட்டால் கண் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடிய ஸ்டீராய்டு. 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் அவருக்கு 34 இருந்தது. கடல் காற்றில் காய்ந்த கண்ணுக்கு வைத்தியம் தேடிக் கண் நரம்பையே இழக்கும் நிலைக்கு அவர் போயிருந்தார். செயற்கைக் கண்ணீர் மருந்துகளிலும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு இருக்கும் குப்பியை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் போடுகிறவர்களுக்கு அதுவே எரிச்சலாகிவிடுவதால், அது சேராத மருந்தை டாக்டர் எழுதுகிறார். விலை கூடுதல் என்பது உண்மைதான்.

மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒமேகா-3 மாத்திரை எடுத்துக்கொண்டவர்களும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். காசிமேட்டில் வாங்கும் மத்தியைச் சாப்பிடுங்கள், மாத்திரைக்காகக் கடன் வாங்காதீர்கள் என்கிறேன். கண்மையை இமையின் உள்விளிம்பில் இழுத்தால் அந்தத் துளைகளின் மேலேயே பூசுகிறோம் என்பதையும், வாயும் சேர்ந்து உலர்ந்து மூட்டும் வலித்தால் ஸ்டான்லி மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

திருவொற்றியூர்க் கோயிலருகே பூக்கட்டும் பெரியவர் ஒருவர், “கண்ணு போயிடுமாம்மா? எங்க ஊர்ல சுந்தரருக்கே போச்சு” என்று கேட்டபோது குரல் நடுங்கியது. சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊரெல்லையைத் தாண்டியதும் பார்வை போய், காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணுமாகத் திரும்பக் கிடைத்த கதை அந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். இந்த நோயில் பார்வை போவது அரிது என்று அவருக்குச் சொன்னேன். அதே நேரம், ஒரு குப்பி மருந்தில் தீர்ந்துவிடும் என்றும் சொல்லவில்லை. சர்க்கரையைப் போல, ரத்த அழுத்தத்தைப் போல, இதுவும் கூடவே இருக்கும். தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று நான் நம்புகிறேன். குணமாகிவிடும் என்ற சொல்லை நம்பிப் போனவர்கள், இரண்டு மாதத்தில் மறுபடி உறுத்தியதும் மருந்தையும் எங்களையும் சேர்த்தே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தத் துணிக்கடைப் பெண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறார். எட்டு மாதத்தில் மூன்று நொடி ஏழு நொடியானது. அதற்கு மேல் ஏறவில்லை. பண்டிகைக் கால விற்பனையில் இரவு பதினொரு மணிவரை நிற்கும் மாதங்களில் ஐந்துக்கு இறங்கும், பிறகு ஏறும். பழைய அட்டையில் நான் எழுதிய வரியை அவர் முன்னாலேயே அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். போன மாதம் வந்தபோது, கீழிமையின் நடுவில் உள்ள ஐந்து துளைகளை அழுத்திப் பார்த்தேன். மூன்றில் தெளிந்த எண்ணெய் வந்தது, ஒன்றில் கலங்கலாக, ஒன்றில் எதுவுமே வரவில்லை. அதைச் சொன்னேன். “அந்த ஒண்ணு இனிமே வராதாம்மா?” என்று கேட்டார். வெகுநாள் அடைபட்டுச் சுருங்கிவிட்ட சுரப்பி திரும்ப வளராது என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “அப்ப நாலையும் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, வாசலருகே உட்கார்ந்திருந்த தன் மகளைக் கைகாட்டி அழைத்தார். மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். சாயந்திரமானால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாளாம். தாடையை ஸ்லிட் லாம்பில் வைக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பி, அவள் கீழிமையை மெல்லத் தாழ இழுத்தேன்.