பழைய வரைபடம், புதிய அட்லஸ்: சீன ஊர்ப்பெயர்களைப் பொருத்திப் படிப்பது எப்படி?

போட்டித் தேர்வுக்கு உலக வரலாறு படிப்பவர்களைச் சீனப் பெயர்கள் பாடாய்ப் படுத்தும். பழைய புத்தகத்தில் பீகிங், நான்கிங், கான்டன் என்றிருக்கும். அட்லஸைத் திறந்தால் பெய்ஜிங், நான்ஜிங், குவாங்சோ. மனப்பாடம் செய்வதைவிட, எழுத்து மாறிய விதத்தைப் புரிந்துகொள்வதே மேல்.

பழைய வடிவங்கள் அஞ்சலிலும் தந்தியிலும் நிலைத்தவை. சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யின் முறையைச் சீனா 1958-இல் ஏற்றது. 1977-இல் ஐ.நா. மாநாடு சீன இடப்பெயர்களுக்கு அதையே ஏற்க, 1979 முதல் ஆங்கிலப் பத்திரிகைகளும் மாறத் தொடங்கின. ஆகவே முதலில் உங்கள் புத்தகத்தின் முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். புது அட்டை போட்ட மறுபதிப்பிலும் உள்ளே பழைய பெயர்களே இருக்கலாம்.

அடுத்து எழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது நான்கிங்கில் உள்ள 'கே' (k) இன்று 'ஜே' (j). ஆனால் சுங்கிங்கின் இரண்டாம் பாதியில் அதே 'கே' இன்று 'க்யூ' (q), ஊர் சோங்சிங். காரணம், மூச்சு அழுத்தி ஒலிக்கும் எழுத்தைக் காட்ட பின்யினுக்கு முந்தைய வேட்-கைல்ஸ் எழுத்து முறையில் ஓர் அப்பாஸ்ட்ரஃபி (') இருந்தது. பழைய ஊர்ப்பெயர்களை எழுதிய அஞ்சல் முறை அதைக் கைவிட்டது. இரண்டு ஒலிகளும் ஒரே எழுத்தில் வந்து விழுந்தன. அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றிப் பார்த்ததும் முடிவுகட்டாதீர்கள்; ஆற்றையும் கடற்கரையையும் வைத்துச் சரிபாருங்கள்.

கான்டன், அமாய் (இன்றைய சியாமென்) ஆகியவை இந்தக் கணக்கில் வராது; தனியாகத்தான் படிக்க வேண்டும். 'பெய்பிங்' வேறு ரகம். 1928-இல் தலைநகர் நான்கிங்குக்குப் போனபோது பீகிங்குக்கு வைத்த பெயர் அது. 1949-இல் பழைய பெயர் திரும்பியது. இங்கே மாறியது எழுத்து அல்ல, பெயரே. மூன்று வகையையும் குறிப்பேட்டில் தனித்தனிப் பக்கங்களில் எழுதுங்கள்.

விடைத்தாளில் 1842 உடன்படிக்கையை நான்கிங் உடன்படிக்கை என்றே எழுதலாம். அதுவே வழங்கும் பெயர். வரைபடத்தில் குறிக்கும்போது மட்டும் நான்ஜிங்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஷான்சி, ஷென்சி என்னும் அண்டை மாகாணங்கள். இரண்டுக்கும் தொனி மட்டுமே வேறு. தொனிக்குறி இல்லாத பின்யினில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பதால், பழைய ஷென்சிக்கு மட்டும் ஆங்கில 'ஏ' (a) எழுத்தை இரட்டித்தார்கள். சீனக் கம்யூனிஸ்ட் படையின் நெடும் பயணம் 1935-இல் முடிந்ததும், 1936-இல் அன்றைய சீன அரசின் தலைவர் சியாங் கை ஷேக் சிறைபிடிக்கப்பட்ட சியான் நகரம் இருப்பதும் இந்த இரட்டை 'ஏ' மாகாணத்தில். ஒற்றை 'ஏ' மாகாணத்தின் தலைநகர் தைய்யுவான்.