மலையிலிருந்து புறாத்தீவுக்கு: தனியாக ஒரு வார இறுதியில் முருகைக்கல் பார்க்க

ஜூன், ஜூலையில் ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மழையாகக் கொட்டுகிற அதே தென்மேல் காற்றுதான், மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரத்தையெல்லாம் இழந்து, வறண்ட கச்சான் காற்றாகத் திருகோணமலையில் வீசுகிறது. ஆகவே மலையில் நாம் குடையை மடக்க முடியாமல் தவிக்கிற மாதங்களே, திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவுக்குப் போய், மாஸ்க்கும் மூச்சு விடும் குழாயும் மாட்டி மிதந்தபடி முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கச் சரியான மாதங்கள். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தண்ணீர் தெளிவாக இருக்கும். வடகீழ் பருவம் தொடங்கிவிட்டால் கடல் கலங்கி அலை எழும்பும். படகு ஓடினாலும் அடியில் ஒன்றும் தெரியாது. டிசம்பர் பள்ளி விடுமுறைதான் தோதுப்படும் என்பவர்கள் அந்த மாதத்தில் தெற்கே ஹிக்கடுவைக்குப் போவதே நல்லது. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் கடல் அமைதி.

கச்சானைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்று. அதனால் கரையோரம் தண்ணீர் கண்ணாடி போலப் படுத்துக்கிடக்கும், ஆபத்தே இல்லை என்று தோன்றும். ஆனால் முகம் குப்புற மிதப்பவரை அது சத்தமில்லாமல் வெளிக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற வலுக்கும். தனியாகப் போகிறவர் திட்டம் போடும்போது இதை முதலில் வைத்துத்தான் மற்றதையெல்லாம் அடுக்க வேண்டும். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து பழகுவது, ஞாயிறு காலை முதல் படகில் தீவுக்குப் போவது, காற்று எழும்புமுன் தண்ணீரை விட்டு ஏறிவிடுவது. நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலம். கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை ஏறக்குறைய 180 கிலோமீட்டர். பஸ்ஸில் ஐந்து மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். சனி அதிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் பின்னேரம் மூன்று மணிக்குள் திருகோணமலையில் இறங்கலாம். அங்கிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் நிலாவெளி. உள்ளூர் பஸ் உண்டு. பை கனமாக இருந்தால் த்ரீவீல். பதுளை, பசறைப் பக்கத்தவர்களுக்கு பிபிலை, மஹஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்குகிற பாதை கிட்ட. அவர்கள் பாசிக்குடாவோடு நின்றுவிடலாம் என்று நினைப்பார்கள். நின்று பழக அது அருமையான ஆழமில்லாத குடா. ஆனால் முருகைக்கல் பார்க்கத்தான் பயணம் என்றால் புறாத்தீவுக்கு ஈடாகாது. போயா (பௌர்ணமி) விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். அன்றைக்கு மீனைவிட லைஃப் ஜாக்கெட்டுகள்தான் அதிகம் கண்ணில் படும்.

வாடகைக்கு மாஸ்க், குழாய், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு), லைஃப் ஜாக்கெட் எல்லாம் நிலாவெளியில் கிடைக்கும். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். அது முகத்துக்கு முகம் மாறும். பொருந்தாத மாஸ்க் பயணத்தையே கெடுத்துவிடும். கடையில் பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் இலேசாக மூச்சை உள்ளே இழுத்துப் பிடியுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் பொருந்துகிறது. கண்ணாடிப் பகுதி பிளாஸ்டிக்காக இல்லாமல் டெம்பர்ட் கண்ணாடியாகவும், ஓரம் சிலிக்கனாகவும் இருக்கட்டும். புது மாஸ்க்கின் உள்பக்கத்தில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். அதைப் போக்காவிட்டால் எத்தனை தரம் கழுவினாலும் புகைமூட்டம் படியும். வெள்ளைப் பற்பசையை விரலால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று தடவை அப்படியே செய்தால் போய்விடும். பிறகு ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும் எச்சில் அல்லது ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி இலேசாக அலசினால் போதும். தண்ணீர் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓரத்துக்குள் மாட்டிய ஒரு கற்றை முடி, இல்லையென்றால் மீசை. மீசைக்கு மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள். பட்டியை இறுக்குவது மருந்தல்ல. இறுக்க இறுக்க ஓரம் மடிந்து கசிவு கூடும். முழு முகத்தையும் மூடுகிற வகையைத் தனியாகப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தரமற்றவற்றில் வெளிவிட்ட மூச்சே உள்ளே தேங்கித் தலை சுற்றும்; அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது.

சனி பின்னேரத்தைப் பழகுவதற்கென்று ஒதுக்குங்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் உள்ளே வைத்து, வாயால் மெதுவாகவும் ஆழமாகவும் மூச்சு விடுவது முதல் பாடம். வேகமாக மேல்மூச்சு வாங்கினால் குழாய்க்குள் இருக்கும் பழைய காற்றே திரும்பத் திரும்ப வந்துபோகும். மூச்சுத் திணறுவதாகப் பயம் பிடிக்கும். அடுத்தது குழாயில் தண்ணீர் புகுந்தால் தலையைத் தூக்காமல் 'தூ' என்று ஒரே ஊதலில் வெளியே தள்ளுவது. அதற்காக நுரையீரலில் எப்போதும் கொஞ்சம் காற்று மிச்சம் வைத்திருக்க வேண்டும். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, சற்று அண்ணாந்து மூக்கால் ஊதுங்கள், கீழ்ப்பக்கமாக வெளியேறும். ஃபின்னை முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிப்பதுபோல அடிப்பது பலருக்கும் வரும் பழக்கம். இடுப்பிலிருந்து நீளமாக, மெதுவாக அடிக்க வேண்டும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் மல்லாந்து, ஃபின்னின் நுனியைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள்.

மலையில் வளர்ந்தவர்களில் பலருக்குக் கடல் நீச்சல் தெரியாது. அதற்காக விலக வேண்டியதில்லை. அளவான லைஃப் ஜாக்கெட் போட்டு, கவட்டைப் பட்டியையும் மாட்டி, படகுக்காரரையோ வழிகாட்டியையோ தண்ணீரில் கூடவே இருக்கச் சொன்னால் மிதந்தபடியே எல்லாம் பார்க்கலாம். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை: தனியாக இருக்கும்போது மூச்சை அடக்கி அடிக்குப் போகாதீர்கள். இறங்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கரியமில வாயு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்கிற உந்துதல் வருமுன்பே நினைவு தப்பிவிடும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் அதோடு முடிந்தது. காதும் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வலிக்கும். ஹட்டனிலிருந்து கடல் மட்டம் வரை இறங்கும் அத்தனை தூரத்திலும் கூடுகிற அழுத்தம், தண்ணீருக்குள் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலேயே கூடிவிடுகிறது.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாடப்புறாக்களால் வந்த பெயர். நுழைவுச் சீட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது, படகுக் கூலி தனி. உள்ளூர்க் கட்டணத்துக்கு அடையாள அட்டை வேண்டும். தனி ஆளுக்குப் படகுக் கூலிதான் கையைக் கடிக்கும். முந்தின நாளே கேட்டு வைத்து இன்னொரு குழுவோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி அழைத்துப்போக வரும் நேரத்தையும் பேசி முடித்துவிட வேண்டும். கரையில் மணலைவிட உடைந்த முருகைத் துண்டுகளே அதிகம், வெறுங்காலில் நடக்க முடியாது. முதுகும் முழங்கால் மடிப்பும்தான் முதலில் வெயிலில் வேகும். வெயில் பூச்சுக்குப் பதில் நீளக்கை லைக்ரா சட்டையும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்ஸேட் கலந்த பூச்சுகள் முருகைக்கு ஆகாது.

இறங்கியதும் நீந்தத் தொடங்காமல் ஓரிடத்தில் அசையாமல் மிதந்து பாருங்கள். உங்கள் நிழல் பட்டதும் மான்கொம்பு போன்ற முருகைக் கிளைகளுக்குள் சின்னப் பச்சை மீன் கூட்டம் மொத்தமாக ஒளிந்துகொள்ளும். ஒரு நிமிடம் கை காலை ஆட்டாமல் இருந்தால் ஒன்று வெளியே வரும், பின்னால் எல்லாமே வரும். காதைக் கொடுத்தால் கறுக் கறுக் என்று கடிக்கும் ஓசை கேட்கும்; கிளிமீன் கல்லைச் சுரண்டித் தின்கிறது. அது கடித்த இடத்தில் வெள்ளைக் கீறல்கள் இருக்கும், பின்புறமாக வெண்மணலைக் கொட்டிக்கொண்டே போகும்.

கிளைகளின் நுனி மட்டும் வெளிறியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வளரும் நுனி. கிளை முழுவதும் பளீரென்று வெள்ளையாக இருந்தால்தான் வெளிறல். கடல் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி வாரக்கணக்கில் நீடித்தாலே, முருகை தன் உடலில் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். உணவில் பெரும்பங்கும் நிறமும் அந்தப் பாசியால்தான் வருகிறது. வெளிறியது உடனே செத்ததல்ல. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். பழுப்புப் பாசி மூடிக் கிடப்பதே செத்த கல். 1998இல் வந்த வெளிறலில் ஹிக்கடுவை தன் உயிருள்ள முருகையில் பெரும்பகுதியை இழந்தது. வேகமாக வளரும் கிளை வகைகூட வருடத்துக்குப் பத்துச் சென்றிமீட்டர் அளவில்தான் நீளும். உருண்டைப் பாறை வகை சுமார் ஒரு சென்றிமீட்டர். களைத்துப்போய் ஒரு நிமிடம் அதன் மேல் ஏறி நிற்கிற ஒருவரின் குதிகால் எத்தனை வருடத்தை உடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிற்க வேண்டுமென்றால் மணல் திட்டைத் தேடுங்கள், இல்லையேல் மல்லாந்து மிதந்து ஓய்வெடுங்கள். கரையில் கிடக்கும் செத்த துண்டையும் எடுத்து வரக் கூடாது, சட்டப்படியும் குற்றம்.

கருநுனிச் சுறாவைப் பார்க்க ஆசைப்பட்டால் ஆள் வருமுன் காலையில்தான் வாய்ப்பு. மனிதரைக் கண்டால் ஒதுங்குகிற இனம். துரத்தாமல் விட்டால் போதும். முட்டை காக்கும் பெரிய கிளாத்தி மீன்தான் உண்மையில் கடிக்க வரும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்திருப்பதால், மேலே எழும்பாமல் பக்கவாட்டாக விலகுங்கள். பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள். நீண்ட கறுப்பு முள் கொண்ட கடல் முள்ளெலி அங்கேதான் இருக்கும். முருகை கீறினால் உடனே நல்ல தண்ணீரால் நன்கு தேய்த்துக் கழுவி மருந்திடுங்கள், அந்தப் புண் எளிதில் சீழ் பிடிக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் முக்கால் மணித்தியாலத்தில் உடல் குளிரத் தொடங்கும். நடுக்கம் வருமுன் ஏறிவிடுங்கள்.

திருகோணமலையில் சிலிண்டர் கட்டி ஆழ்ந்து மூழ்கும் ஸ்கூபாவும் உண்டு. மலைக்குத் திரும்புகிறவர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும். ஸ்கூபா முடித்து விமானம் ஏற, ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணித்தியாலமும், பல முறை மூழ்கியவர் 18 மணித்தியாலமும் பொறுக்க வேண்டும் என்பது விதி. மலை ஏறினாலும் விமானத்தில் போலவே காற்றழுத்தம் குறைகிறது; அந்த விதி கணக்கில் எடுக்கும் உயரம் 600 மீட்டரிலிருந்து தொடங்குகிறது. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல், நுவரெலியா 1,868 மீட்டர். ஞாயிறு காலை ஸ்கூபா, மாலை ஹட்டன் பஸ் என்பது நடக்கவே கூடாத காரியம். மேலே மிதந்து குழாயால் மூச்சு விட்டுப் பார்த்தவருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பத்து மணிக்குக் கரையேறி, பதினொன்றரைக்குத் திருகோணமலையில் பஸ் பிடித்தால் இரவு எட்டு, ஒன்பதுக்குள் ஹட்டன்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்க்கையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து அலசுங்கள். குழாயின் அடிவால்வில் ஒட்டிய ஒரு மணல்துகள் போதும், அடுத்த முறை தண்ணீர் புக. மழைக்காலத்தில் மலையில் எதுவும் சீக்கிரம் காயாது. அதற்காக அடுப்புக்கு மேல் பரணில் வைத்தால் சூட்டில் சிலிக்கன் நெளிந்து புகை ஏறும்; ஈரத்தோடு பைக்குள் மூடினால் கறுப்புப் பூஞ்சணப் புள்ளிகள் விழும், பிறகு போகாது. துணியால் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் தொங்கவிட்ட பிறகே பெட்டியில் வையுங்கள்.