எருசலேமில் பஸ்கா: கதை சொல்லும் இரவு

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா விழா நெருங்க நெருங்க, மேற்கு எருசலேமில் ரொட்டி மறையத் தொடங்குகிறது. பேக்கரிகளில் தட்டுகள் காலியாகின்றன. சூப்பர்மார்க்கெட்டில் பிஸ்கட், நூடுல்ஸ், பீர் இருக்கும் அலமாரிகளை வெள்ளை பிளாஸ்டிக் விரிப்பால் மூடிவிடுகிறார்கள். கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் என்ற ஐந்து தானியங்களின் மாவு, தண்ணீர் பட்டுப் புளித்துவிட்டால் அது ‘ஹமெட்ஸ்’. விழாவின் ஏழு நாட்களும் அதை உண்ணக் கூடாது. அதோடு, யூதர் ஒருவருக்கு அது சொந்தமாக இருக்கவும் கூடாது. அதனால் இஸ்ரேல் அரசே தன்னிடமுள்ள ஹமெட்ஸை யூதரல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்று, விழா முடிந்ததும் திரும்பப் பெறுகிறது. பல ஆண்டுகள் அதை வாங்கியவர் பக்கத்து ஊரான அபு கோஷைச் சேர்ந்த ஓர் அரபு முஸ்லிம்.

விழாவுக்கு முந்தைய நாட்களில் மரபில் கண்டிப்பான யூதர்கள் வாழும் மேயா ஷெயாரிம் தெருக்களில் நடப்பதற்காகவே எருசலேம் போகலாம். தெருமுனைகளில் பெரிய பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதிக்கிறது. வீட்டுப் பாத்திரங்களைக் கம்பி வலையில் போட்டு முக்கி எடுத்துச் சுத்தப்படுத்திக்கொண்டு போகிறார்கள். ஒரு சந்துக்குள் மட்ஸா சுடும் இடம் இருந்தது. மட்ஸா என்பது நம் பைபிள் சொல்லும் புளிப்பில்லா அப்பம்தான். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அது அடுப்பிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். தண்ணீர்கூட முந்தின இரவே எடுத்து வைத்தது. ஒருவர் பிசைய, வரிசையாக நின்றவர்கள் தேய்க்க, ஒருவர் முள் உருளையால் துளையிட, இன்னொருவர் நீளக் கழியில் போட்டு விறகடுப்புக்குள் தள்ளுகிறார். அந்த அறையில் யாரும் நின்று பேசுவதில்லை. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட அடிமைகளுக்கு மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லை என்ற பழைய அவசரத்தை இவர்கள் ஆண்டுதோறும் உடம்பால் வாழ்ந்து பார்க்கிறார்கள் என்று அங்கே நின்றபோது பட்டது.

அந்தக் கதை பைபிளின் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் இரத்தத்தை நிலைக்கால்களில் பூசி, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்பான கீரைகளோடும் அவசரமாகப் புசிக்கச் சொல்கிறது. ஆனால் இதன் வேர் இரண்டு வேறு வசந்த விழாக்களில் இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. மேய்ச்சலுக்குப் புறப்படுமுன் இடையர்கள் கொடுத்த ஆட்டுக்குட்டிப் பலி ஒன்று. வாற்கோதுமை அறுவடை தொடங்கும்போது பழைய புளித்த மாவைத் தூக்கியெறிந்த உழவர் விழா இன்னொன்று. விடுதலைக் கதை இரண்டையும் சேர்த்துக் கட்டியது. பருவம் தப்பக் கூடாது என்பதில் மட்டும் யூதர்கள் இன்றுவரை கறார். மாதங்கள் நிலவைப் பின்பற்றினாலும், 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து, பஸ்காவின் முழுநிலவு வசந்தத்திலேயே விழும்படி பார்த்துக்கொள்கிறார்கள். எகிப்தின் எலிபன்டைன் தீவில் காவல் பணியில் இருந்த யூதர்களுக்கு இவ்விழாவைப் பற்றி எழுதப்பட்ட கி.மு. 419ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. எகிப்திலிருந்து வெளியேறிய விழாவை எகிப்திலேயே உட்கார்ந்து கொண்டாடியிருக்கிறார்கள்!

எருசலேமில் யூதர்களின் ஆலயம் இருந்தவரை பஸ்கா என்றால் அங்கே யாத்திரை. ஒரு விழாவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டுக்குட்டிகள் பலியானதாக வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். எண்ணிக்கையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம்தான், ஆனால் கூட்டத்தின் அளவு புரிகிறது. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை அழித்தார்கள். பலிபீடம் போன பிறகும் விழா ஏன் சாகவில்லை? அது சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. பலியின் இடத்தில் கதை உட்கார்ந்தது. அந்த இரவு விருந்தின் பெயர் செதேர். அதில் படிக்கும் நூல் ஹக்காதா.

நான் அறை எடுத்திருந்தது நஹ்லாவோட் பகுதியில். வீட்டுக்காரம்மாவின் தாயார் பாக்தாத்தில் பிறந்தவர். விழாவுக்கு முன்பு ஒரு மாலை, தட்டில் அரிசியைப் பரப்பி ஒவ்வொரு மணியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கோதுமை மணிகூடத் தப்பக் கூடாது என்பதால் மூன்று முறை பார்ப்பது ஈராக் யூதர்களின் வழக்கம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். அரிசி பொறுக்கும் கையை அவருக்குப் பிடித்துப்போனது. “செதேருக்கு எங்களோடு உட்காரு” என்றார். “பசித்தவர் எல்லாரும் வந்து உண்ணட்டும்” என்று அரமேய மொழியில் அழைப்பது ஹக்காதாவின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

அவருடைய மருமகனின் குடும்பம் போலந்திலிருந்து வந்தது. ஐரோப்பிய யூதர்கள் அரிசியையும் பருப்பு வகைகளையும் பஸ்காவில் தொடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டின் பேச்சு 13ஆம் நூற்றாண்டு பிரான்சில் கேட்கத் தொடங்குகிறது. ஆகவே ஒரே மேசையில் பாட்டிக்குச் சோறு, மருமகனுக்கு உருளைக்கிழங்கு. பாட்டியின் கசப்புக் கீரை லெட்யூஸ். மருமகன் கண்ணில் நீர் வரவழைக்கும் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைத் துருவிக் கொண்டுவந்திருந்தார். மட்ஸாவிலும் இரண்டு வகை: அவருடையது மொறுமொறு, பாட்டியுடையது சப்பாத்தி போல மென்மையானது. எகிப்தில் அடிமைகள் பிசைந்த செங்கல் சாந்தை நினைவூட்டும் ஹரோசெட் என்ற இனிப்பு விழுதை மட்டும் எல்லாரும் பாட்டியின் கைப்பக்குவத்திலேயே சாப்பிட்டார்கள். பேரீச்சம்பழப் பாகில் வால்நட்டைப் பொடித்துப் போட்டது. நான் மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

பொழுது சாய்ந்ததும் போன், கேமரா எல்லாம் பைக்குள் போய்விட்டன. விழா இரவில் அவற்றைத் தொடமாட்டார்கள். அதனால் இந்தப் பதிவில் செதேர் படம் இல்லை. நான்கு கோப்பை திராட்சை ரசம். ஒருவர் கோப்பையை இன்னொருவர் நிரப்புகிறார், ஏனென்றால் இன்று யாரும் அடிமை இல்லை. குடிக்கும்போது இடப்பக்கம் சாய்ந்துகொள்கிறார்கள். சாய்ந்து உண்பது அந்தக் காலத்துச் சுதந்திர மனிதர்களின் விருந்துப் பழக்கம். அடக்கி ஆண்ட ரோமர்களின் பழக்கமும் அதுவே. எகிப்தைத் தாக்கிய பத்து வாதைகளின் பெயர்களைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ரசத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். எதிரியின் துன்பத்துக்காகத் தங்கள் மகிழ்ச்சி அந்த அளவு குறைகிறது என்று மருமகன் விளக்கினார். ஒரு விடுதலை விழாவுக்குள் இதற்கு இடம் வைத்திருக்கிறார்களே என்பது எனக்கு இன்றும் ஆறாத வியப்பு.

இதற்கெல்லாம் முன்பு, கதை தொடங்கும்போதே, வீட்டின் கடைக்குட்டிப் பையன் பாதி மட்ஸாவைத் துணியில் முடிந்து, தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைத் தட்டினான். இதுவும் பாக்தாத் வழக்கம்.

“எங்கிருந்து வருகிறாய்?”

“எகிப்திலிருந்து.”

“எங்கே போகிறாய்?”

“எருசலேமுக்கு!”

எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டி என் பக்கம் திரும்பினார். “ஐந்து வயதில் பாக்தாத்தில் நானும் இப்படித்தான் கதவைத் தட்டினேன். அந்த வருடம் நிஜமாகவே புறப்பட்டுவிட்டோம்.” 1950, 51இல் ஈராக்கிலிருந்து 1,20,000க்கும் மேற்பட்ட யூதர்கள் விமானத்தில் இஸ்ரேலுக்கு வந்து இறங்கினார்கள். குடியுரிமை பறிபோனது, சொத்துகள் முடக்கப்பட்டன. இங்கே அவர் குடும்பத்துக்குக் கிடைத்தது முகாமில் ஒரு கூடாரம். “ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாகக் கருத வேண்டும்” என்கிறது ஹக்காதா. அந்த வரியைப் பாட்டி புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

பையன் அடுத்து நான்கு கேள்விகளைப் பாடினான்: “இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை?” இரவு முழுவதும் அதற்கான பதில்தான். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நீயே சொல்லத் தொடங்கு என்றும் ஹக்காதாவில் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி “அடுத்த ஆண்டு எருசலேமில்” என்று முடிப்பது உலக வழக்கம். எருசலேமிலேயே இருப்பவர்கள் “மீண்டும் கட்டப்பட்ட எருசலேமில்” என்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: செதேர் முடிந்ததும் ஊர் திரும்பிவிடாதீர்கள். விழாவின் இடைநாட்களில் ஒரு காலை, பழைய ஆலய வளாகத்தில் எஞ்சிய மேற்குச் சுவருக்கு முன் ஆசாரிய வம்சத்தவர் வெள்ளைச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கானோருக்கு ஆசி கூறுவார்கள். விடிந்ததும் கிளம்பினால்தான் இடம் கிடைக்கும். ரொட்டி இல்லாமல் முடியாது என்றால் பழைய நகரின் முஸ்லிம் பகுதியில் எள் தூவிய வளைய ரொட்டி எப்போதும் உண்டு. ஏழாம் நாள் இருட்டியதும் மொரோக்கோ யூதர்களின் ‘மிமூனா’ தொடங்கும். மொரோக்கோவில் அன்றிரவு முஸ்லிம் அண்டை வீட்டார் முதல் மாவைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்கும், அழைப்பு தேவையில்லை. முஃப்லெட்டா என்ற மெல்லிய ரொட்டியைச் சுடச்சுட எடுத்து, வெண்ணெயும் தேனும் தடவிச் சுருட்டித் தருவார்கள். வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு வீட்டோடு விடமாட்டார்கள்.