அரை மில்லிகிராமிலிருந்து இறங்க ஏழு மாதம்

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் குளோனசெபாம் 0.5 மி.கி. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. இதை விடுவதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு மூன்று வருடம் இரவுதோறும் போட்டவர் திடீரென்று நிறுத்தினால், சில நாட்களில் கை நடுங்கும், தூக்கம் அறவே போகும், டியூப்லைட் வெளிச்சம்கூடக் கண்ணைக் குத்தும். எண் சிறியது என்பதால் மருந்தும் லேசானது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் 0.5 மி.கி. குளோனசெபாம், அதே வகை மருந்தான டயசெபாமில் ஏறத்தாழ 10 மி.கி.க்குச் சமம். இதே வகை அல்பிரசோலாமும் அதே கணக்குதான்: 0.5க்கு 10. லொராசெபாம் என்றால் 1 மி.கி.க்கு 10.

இந்த மாத்திரையால் பயனும் பெற்று, பிறகு மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாக இறங்கி முடித்த அனுபவத்தில் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக அளவைக் குறைக்க வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டு போவதற்காகத்தான் இது.

முதலில் பயனைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பெரிது. மூளையில் வேகத்தைக் குறைக்கும் பிரேக் போல 'காபா' என்ற வேதிப்பொருள் வேலை செய்கிறது. இந்த வகை மாத்திரைகள் அந்த பிரேக்கை இன்னும் அழுத்திக் கொடுக்கின்றன. அரை மணி, ஒரு மணி நேரத்தில் நெஞ்சுப் படபடப்பு அடங்கி மூச்சு சீராகும். பதற்ற நோய்க்கு நீண்ட காலம் தரும் எசிடலோபிராம் போன்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்க 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் சில நாட்களில் அவையே பதற்றத்தைக் கூட்டவும் செய்யும். அந்த இடைவெளியைத் தாண்ட குளோனசெபாம் ஒரு பாலம். 2 முதல் 4 வாரம், அதுவும் அளவோடு என்றால் இதைவிடக் கைகொடுக்கும் மருந்து குறைவு. பிரிட்டனில் 1988இலேயே இந்த 2 முதல் 4 வார வரம்பைச் சொல்லிவிட்டார்கள்.

திடீரென்று பயம் தாக்கும்போது மட்டும் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். அப்படி வரும் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். விழுங்கிய மாத்திரை முழுதாக வேலை செய்வதோ ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. உடம்பு தானே அடக்கிக்கொண்டதற்கு மாத்திரை பெயர் வாங்கிக்கொள்கிறது. நாளடைவில் மாத்திரை அட்டை பையில் இல்லாமல் பஸ் ஏறவே பயம் வந்துவிடும். சார்பு இப்படித்தான் மெல்ல நுழைகிறது.

நம் ஊரில் பெரும்பாலான சிக்கல் தொடங்கும் இடம் கூட்டு மாத்திரை. எசிடலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. இரண்டும் ஒரே மாத்திரையில் வரும். முதல் மாதத்துக்கு வசதிதான். ஆனால் எசிடலோபிராமை ஒரு வருடம் தொடர வேண்டியிருக்கும், குளோனசெபாமை ஒரு மாதத்தில் நிறுத்த வேண்டியிருக்கும். ஒன்றாக இருப்பதைத் தனியாக எப்படி நிறுத்துவது? அதே சீட்டைக் காட்டிக் காட்டி வாங்குவதில் மூன்று வருடம் ஓடிவிடும். உங்கள் அட்டையைத் திருப்பிப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். இரண்டு மருந்துப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரையின் விற்பனைப் பெயரின் கடைசியில் 'பிளஸ்' என்று வந்தால் கட்டாயம் பாருங்கள். இருந்தால், இறங்கும் வேலையின் முதல் படி அளவைக் குறைப்பது அல்ல. இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல்லிக் கேட்பது. அது பழகிய பிறகு குளோனசெபாமில் மட்டும் கை வைக்க வேண்டும். கூட்டு மாத்திரையை அப்படியே நிறுத்தினால் இரண்டு மருந்தின் விலகல் தொல்லையும், அதாவது மருந்தை விடும்போது உடம்பு படும் பாடும், சேர்ந்து தாக்கும். எது எதனால் என்று மருத்துவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அல்பிரசோலாம், டயசெபாம் இரண்டும் 2014 மார்ச்சிலிருந்து எச்1 என்ற அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அட்டவணையில் இருக்கின்றன. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் தரும் கடை உங்களுக்கு உதவி செய்யவில்லை. விடும் காலத்தில் இந்தக் கட்டுப்பாடு வேறு விதத்தில் முக்கியம்: மாத்திரை தீர்ந்து, சீட்டு பழசாகி, பண்டிகை விடுமுறையில் மருத்துவரும் ஊரில் இல்லை என்றால் அதுவே திடீர் நிறுத்தம். அட்டையில் ஒரு வார மாத்திரை மிச்சமிருக்கும்போதே போய் வாங்கிவிடுங்கள்.

இனி இறங்கும் கணக்கு. அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இதைக் குளோனசெபாமில் செய்து பார்த்தால் சிக்கல் புரியும். கடையில் பொதுவாகக் கிடைக்கும் சிறிய மாத்திரை 0.25. அதைப் பாதியாக வெட்டினால் 0.125. ஆக 0.5லிருந்து முதல் படியே 0.375, அதாவது 25 சதவீத வெட்டு. அடுத்தது 0.25, அது 33 சதவீதம். அதற்கடுத்து 50. படிக்கட்டு கீழே போகப் போக ஒவ்வொரு படியும் உயரமாகிக்கொண்டே போகிறது. சிலர் ஒவ்வொரு படியிலும் ஒரு மாதம் நின்று இப்படியே இறங்கிவிடுகிறார்கள். முடியாதவர்களுக்குத்தான் டயசெபாமுக்கு மாற்றும் வழி.

இந்த வழியைப் பரவலாக்கியவர் இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சை மையம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். டயசெபாம் உடம்பிலிருந்து மிக மெதுவாக வெளியேறும். அதன் அளவு ஏற்ற இறக்கம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு குறையும். அதோடு 2 மி.கி. மாத்திரை இருக்கிறது, பாதி வெட்டினால் 1, கால் என்றால் 0.5. மாற்றுவதையும் ஒரே ராத்திரியில் செய்வதில்லை. முதல் வாரம் குளோனசெபாமில் பாதிக்குப் பதில் 5 மி.கி. டயசெபாம், அடுத்த வாரம் மீதிக்கும் இன்னொரு 5. சமக் கணக்கு அட்டவணைக்கு அட்டவணை மாறும், ஆளுக்கு ஆளும் மாறும், அதனால் தொடக்க அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முதியவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் டயசெபாம் தேங்கிப் பகலெல்லாம் மயக்கம் தரும். அவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

10இல் தொடங்கினால் அடுத்த படி 9: ஒரு 5, இரண்டு 2. பிறகு 8: ஒரு 5, ஒரு 2, ஒரு பாதி. பிறகு 7: ஒரு 5, ஒரு 2. இப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு மி.கி. வீதம் 5 வரை வர 10 வாரம். 5க்குக் கீழே 1 மி.கி. என்பது 20 சதவீதம் ஆகிவிடுவதால் அரை அரையாக: 4.5 என்றால் இரண்டு 2, ஒரு கால். பூஜ்யம் வர இன்னும் 20 வாரம். மொத்தம் 30 வாரம், கிட்டத்தட்ட ஏழு மாதம். நீளம்தான். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே செய்யக்கூடிய வேகம் இது.

வெட்டுவதற்குச் சமையலறைக் கத்தி வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வெட்டும் சின்ன டப்பா கிடைக்கும். உள்ளே பிளேடு இருக்கும், மூடியை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். தயங்கித் தயங்கி அழுத்தினால் மாத்திரை நொறுங்கும். கோடு போட்ட மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள், கோடு பிளேடுக்கு நேராக இருக்கட்டும். கால் துண்டுகள் நான்கும் ஒரே அளவாக வராது. பெரிய துண்டை இன்று, சிறியதை நாளை என்று மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் முன்கூட்டி வெட்டி வைத்தால் ஈரம் பட்டு உதிரும். நாக்கில் கரையும் மாத்திரை வெட்ட ஏற்றதல்ல, பொடியாகிவிடும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று அச்சிட்ட அல்பிரசோலாமை வெட்டவே கூடாது; நாள் முழுவதும் மெல்ல வர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

'ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், அப்படியே விட்டுவிடலாம்' என்ற யோசனை நிறையப் பேருக்குக் கிடைக்கிறது. அல்பிரசோலாமில் இது கொடுமை. அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 11 மணி நேரம். 48 மணி நேர இடைவெளியில் இருபதில் ஒரு பங்குதான் மிச்சமிருக்கும். மாத்திரை போடாத ஒவ்வொரு நாளும் ஒரு சிறிய திடீர் நிறுத்தம். குறைக்க வேண்டியது தினசரி அளவை, நாட்களை அல்ல.

குறைத்த சில நாட்களில் தொல்லை வந்தால், 'நோய் திரும்பிவிட்டது, ஆயுசுக்கும் மாத்திரைதான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேதி போட்ட நோட்டு இங்கேதான் உதவும். அளவு, தூங்கிய மணி நேரம், பதற்றத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்: மூன்றே பத்தி போதும். விலகல் தொல்லை பெரும்பாலும் குறைத்த சில நாட்களில் வரும், அலை அலையாக வந்து அடங்கும், முன்பு இல்லாத புதுக் குறிகளோடு வரும்: காது இரைச்சல், தசைத் துடிப்பு, வாயில் உலோகச் சுவை, சத்தம் வெளிச்சம் தாங்காமை. பழைய நோய் திரும்பினால் பழைய கவலைகளோடு, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும். அலை கடுமையாக இருந்தால் அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு வாரம் நின்றுவிடுங்கள். இன்று கூட்டி நாளை குறைத்து ஊஞ்சலாடுவதுதான் மிக மோசம்.

வலிப்பு, குழப்பம், இல்லாதது தெரிவது, கேட்பது ஆகியவை வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயம் அல்ல. 108ஐக் கூப்பிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள், உடனே பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தூக்கம் வராத இரவில் 'ஒரு பெக் போட்டால்' என்று தோன்றும். மதுவும் அதே பிரேக்கைத்தான் அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். வலிக்குத் தரும் டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இரண்டோடும் அதே ஆபத்து. சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் மயக்கத்தைக் கூட்டும், வண்டி ஓட்டாதீர்கள். அதிகம் பேசப்படாத இன்னொன்று காசநோய் மருந்து. ரிஃபாம்பிசின் தொடங்கினால் இந்த மாத்திரைகளை உடம்பு வேகமாகக் கரைத்து வெளியேற்றும். அளவைக் குறைக்காமலே விலகல் தொல்லை வந்துவிடும். காசநோய் சிகிச்சை தரும் இடத்தில் உங்கள் மனநல மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள். படர்தாமரைக்குத் தரும் இட்ரகோனசோல் நேர் எதிர். அல்பிரசோலாம் அளவை ஏற்றிவிடும்.

அறுபதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால், ராத்திரி கழிவறைக்கு எழும்போது தடுமாறுகிறார்களா என்று பாருங்கள். இடுப்பெலும்பு முறிவில் போய் முடிவது பல நேரம் அங்கேதான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்த அட்டையைப் பெட்டியில் போடுவதற்கு முன் யோசியுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பிடிபட நேரும். சீட்டு மட்டும் போதாது.

கடைசிக் கால் துண்டில் நிறையப் பேர் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். 0.5 மி.கி. டயசெபாமில் மருந்தாகக் கிடைப்பது மிகக் கொஞ்சம், பிடித்துவைப்பது பயம்தான். தேதி குறித்து, இரண்டு நாள் வேலை நெருக்கடி இல்லாத வாரமாகப் பார்த்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நோட்டை இன்னும் ஆறு வாரம் எழுதுங்கள். அதன் பிறகு மிச்ச மாத்திரைகளை அலமாரியில் வைக்க வேண்டாம், தூக்கம் வரவில்லை என்று கேட்கும் உறவினருக்குக் கொடுக்கவும் வேண்டாம். அட்டையிலிருந்து பிரித்து, ஃபில்டர் காபிச் சக்கையோடு கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.