பதினான்கு நிமிடம்

கனடாவின் கல்கரிக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில், பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடக்க ஆரம்பித்தேன். யாராவது நடந்த தடம் தெரிந்தால் போதும், பின்னாலேயே போய்விடுவேன். போன ஜனவரியில்தான் ஏஎஸ்டி 1 என்ற இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சியில் சேர்ந்தேன்.

முதல் நாள் வகுப்பறை. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புமாம். நான் நடப்பது சமதரையாயிற்றே என்று நினைத்தேன். மேலே சாய்வு இருந்தால், கீழே நடப்பவர் மீதும் வந்து விழும். இத்தனை நாள் நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

மறுநாள் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலையில் உள்ள போ சம்மிட் (Bow Summit) என்ற இடத்தில் பயிற்சி. பனியில் புதைந்தவரைத் தேட, சிக்னல் அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் கருவிதான் பீக்கன். பயிற்சியாளர் ஒரு பைக்குள் பீக்கனை வைத்து, ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்துவிட்டு, கடிகாரத்தை ஓடவிட்டார். என் பீக்கனில் தூரம் 30, 12, மறுபடி 25 என்று தாறுமாறாகக் குதித்தது. நெஞ்சுப் பையில் இருந்த செல்போன்தான் காரணம். அதை அணைத்ததும் எண் ஒழுங்காகக் குறைந்தது. எண் மிகக் குறைந்த இடத்தில் புரோப் கம்பியைக் குத்தினேன், பையில் இடித்தது. அதுவரை நான்கு நிமிடம்.

அப்புறம் தோண்டியதுதான் பெரும்பாடு. கம்பிக்கு நேர் மேலே நின்று கிணறு மாதிரி தோண்டினேன். வெளியே போட்ட பனி குழிக்குள்ளேயே சரிந்தது. மொத்தம் பதினான்கு நிமிடம். முழுக்கப் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு மளமளவென்று சரிகிறது என்று காலையில்தான் கேட்டிருந்தேன். பைக்குள் இருந்தது வெறும் கருவிதான் என்று தெரிந்தும் கை நடுங்கியது.

கம்பியைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று உள்நோக்கி வெட்டி, பனியைக் கீழே தள்ள வேண்டும் என்று பயிற்சியாளர் செய்து காட்டினார். இன்னொருவரும் மண்வாரியோடு சேர்ந்தபோது ஆறு நிமிடத்தில் எடுத்தோம். உண்மையான சரிவில் வந்து நின்ற பனி இறுகிப்போயிருக்கும், இவ்வளவு சுலபமாக வெட்ட வராது என்றும் சொன்னார். பீக்கனுக்குச் செலவழித்துவிட்டு மண்வாரியில் சிக்கனம் பார்ப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முந்தின இரவு பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படிக்கிறேன். போன சனிக்கிழமை மரங்கள் வளரும் எல்லைக்கு மேலே அபாய அளவு ஐந்துக்கு மூன்று. சரி என்று, மேலே சாய்வே இல்லாத ஒரு காட்டுப் பாதைக்கு நண்பர்களைக் கூட்டிப்போனேன். வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோருடைய பீக்கனும் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.