உடும்பு 11

மின்னொளிக் கபடிப் போட்டிகளில் இடது கார்னரில் நின்று, பாடி வருபவரின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டேன் என்பதால் ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பெயர் உடும்பு. பனியனில் என் எண் 11. விளையாட்டு உடை விற்கும் ஒருவர் 'உடும்பு 11' என்பதை ஆடைகளுக்கான 25ஆம் வகுப்பில் தம்முடைய வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்திருந்தார். அது வணிகக்குறி இதழில் வெளியாகி மூன்று மாதங்கள் கழிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வெளியான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் எதிர்ப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும். அந்தக் கெடுவுக்கு நீட்டிப்பு கிடையாது.

உடும்பு என்பது எல்லோருக்கும் பொதுவான சொல்தானே என்று வழக்கறிஞர் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. உயிரோடிருக்கும் ஒருவருடன் தொடர்பு உண்டென்று பொய்யாகத் தோன்றச் செய்யும் குறிக்கு, அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம் என்கிறது 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் நினைப்பது என்னைத்தான் என்று நான்தான் காட்ட வேண்டும். தம் பெயரைச் சீன நிறுவனம் ஒன்று வணிகக்குறியாகப் பதிந்ததை எதிர்த்து அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் நடத்திய வழக்கில்கூடச் சீன உச்ச நீதிமன்றம் 2016இல் அவருக்குச் சாதகமாக ஏற்றது, சீன மக்கள் அவரைக் குறிக்க வழங்கிய சீன எழுத்து வடிவத்தைத்தான். அதே ஒலியின் ரோமன் எழுத்து வடிவம் அவருக்குக் கிடைக்கவில்லை.

டிரங்குப் பெட்டியிலிருந்த போட்டி நோட்டீஸ்களை எடுத்தேன். மடிப்பில் கிழிந்த மஞ்சள் தாள் ஒன்றில் என் இயற்பெயருக்கு முன்னால் 'உடும்பு' என்று அச்சாகியிருந்தது. அடியில் அச்சகத்தின் பெயரும் தேதியும் இருந்தன. அந்தத் தேதிதான் எனக்குப் பொன்னாகப் பட்டது.

ஐரோப்பாவில் 2012இல் நெய்மார் பெயருக்கு விண்ணப்பித்தவர், அவரைக் கால்பந்து வீரராக அப்போது அறியேன் என்று வாதிட்டார். அதே நாளில் கோல்கீப்பர் இகேர் கசியாஸின் பெயருக்கும் அவர் விண்ணப்பித்திருந்தது 2019 தீர்ப்பில் அவருக்கு எதிராக நின்றது. உடும்பு தற்செயலாக இருக்கலாம், கூடவே 11 எப்படி வந்தது? எதிர்ப்பு மனுவில் நான் முதலில் வைத்த கேள்வி இதுதான்.

இணையவழிக் கட்டணம் 2,700 ரூபாய். மனுவின் நகல் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் அந்த உடை விற்பவர் எதிருரை தாக்கல் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. சட்டப்படி அவருடைய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிட்டது.

பிறகு நானே 25ஆம் வகுப்புக்கும், பயிற்சி அளிப்பதற்கான 41ஆம் வகுப்புக்கும் தலா 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். குறி எப்போதிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்ற இடத்தில், ஆடைகளுக்கு 'இனிப் பயன்படுத்தப்படும்' என்று எழுதினேன்; பயிற்சிக்கு, பிள்ளைகளுக்கு முதன்முதலில் பிடி கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாளைக் குறிப்பிட்டேன்.