போன் ஹவுசிங் மாற்றும்போது பழைய கூட்டிலேயே தங்கிவிடும் பாகங்கள்

முனை நசுங்கி, முதுகில் கீறல் விழுந்து, பெயின்ட் உரிந்துபோன போனுக்குப் புது ஹவுசிங் போட்டால் பார்க்கப் புதுசாகிவிடும். ஆனால் போட்ட பிறகு, எதிர்முனையில் பேசுபவருக்கு அவர் குரலே எதிரொலிக்கிறது, சிக்னல் ஒரு கோடு குறைகிறது, போன் பேசும்போது காதிலிருந்து எடுத்தாலும் திரை எரிய மறுக்கிறது என்று ஏதாவது ஒரு தொல்லை கிளம்பும். இவற்றுக்கெல்லாம் போர்டு (போனின் முக்கிய சர்க்யூட் பலகை) காரணமாக இருப்பது அபூர்வம். பழைய கூட்டில் ஒட்டியிருந்த ஒரு துண்டு ரப்பரோ, ஒரு வலையோ, நகக்கண் அளவுத் தகடோ புதுக் கூட்டுக்கு இடம் மாறாமல் போயிருக்கும். அதனால் பழைய கூட்டை வீசுவதுதான் இந்த வேலையின் கடைசிப் படி. அதையும் போன் இரண்டு நாள் ஒழுங்காக ஓடிய பிறகே செய்யுங்கள்.

முதலில் உங்கள் போன் எந்த வகை என்று பாருங்கள். நோக்கியா 3310 போன்ற பழைய பட்டன் போன்களில் மேல் பேனல் கையாலேயே கழன்று வரும். உள் கூட்டை மாற்ற, நட்சத்திர வடிவ டி5 அல்லது டி6 திருப்புளி இருந்தால் போதும். பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியைக் கழற்றும் ஸ்மார்ட்போன்களும் எளிதுதான். சாம்சங் கேலக்ஸி எஸ்5 வரை அப்படி இருந்தது. 2015-இல் வந்த எஸ்6-இல் பின்பக்கம் பசையால் ஒட்டிய கண்ணாடி ஆகிவிட்டது. இன்று கையில் இருக்கும் போன்களில் பெரும்பாலானவை இந்த ஒட்டு வகையே.

ஒட்டு வகையிலும் இரண்டு வேலைகள் உண்டு. பின் பேனலை மட்டும் மாற்றுவது ஒன்று. நடு ஃப்ரேமையே மாற்றுவது இன்னொன்று. பின் பேனல் பொறுமையுள்ள எவரும் செய்யக்கூடியது. நடு ஃப்ரேம் அப்படியல்ல. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் டிஸ்ப்ளே அந்த ஃப்ரேமின் மேல்தான் ஒட்டப்பட்டிருக்கும்; ஃப்ரேமை மாற்ற டிஸ்ப்ளேயைப் பிய்க்க வேண்டும். ஓஎல்ஈடி டிஸ்ப்ளே மிக மெல்லியது. பிரிக்கும்போது சற்று வளைந்தாலே பச்சைக் கோடு விழும், அல்லது ஒரு மூலை கறுத்துப்போகும். ஃப்ரேம் கோணிப்போன ஓஎல்ஈடி போனுக்கு, ஃப்ரேமோடு சேர்த்தே வரும் டிஸ்ப்ளே காம்போவை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். தனி ஃப்ரேமில் மிச்சம் பிடிக்கப் போய் டிஸ்ப்ளேயை இழந்தால் செலவு பன்மடங்காகும். ஐபோன்களில் டிஸ்ப்ளே தனியாகக் கழன்று வரும். ஆனால் 2017-இல் வந்த ஐபோன் 8 முதல் 13 வரிசை வரை பின் கண்ணாடி உலோக ஃப்ரேமோடு இறுக ஒட்டப்பட்டிருக்கும்; சர்வீஸ் சென்டர்களில் அதை லேசர் வைத்துப் பிரிப்பார்கள். வீட்டில் செய்வதென்றால் உள்ளுறுப்புகளை எல்லாம் கழற்றி முழு ஹவுசிங்குக்கு மாற்றும் வழிதான் உண்டு. 2022-இல் வந்த ஐபோன் 14-இல் பின் கண்ணாடி தனியாகக் கழலும்படி வந்துவிட்டது. அதே வரிசையின் ப்ரோ மாடல்களில் இல்லை.

வாங்கும்போது போனின் விளம்பரப் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் செய்யாதீர்கள். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பக்கத்தில் இருக்கும் மாடல் எண்தான் கணக்கு. ஒரே பெயரில் ஒரு சிம் ரகம், இரண்டு சிம் ரகம், 4ஜி ரகம், 5ஜி ரகம் என்று வரும். சிம் ட்ரேயின் அளவு, கேமரா துளை, ஆன்டெனா கோடு எல்லாம் ரகத்துக்கு ரகம் மாறும்.

ஹவுசிங் கைக்கு வந்ததும் போனைத் திறக்க அவசரப்பட வேண்டாம். வெறுங்கூட்டை முதலில் சோதியுங்கள். சிம் ட்ரேயை நுழைத்துப் பாருங்கள். சார்ஜர் பின் அதன் ஓட்டையில் முழுசாக இறங்குகிறதா பாருங்கள். பவர் கீயையும் வால்யூம் கீயையும் பொருத்தினால் ஆடுகிறதா, சிக்குகிறதா என்று அழுத்திப் பாருங்கள். கேமரா மேல் வரும் கண்ணாடியின் இரு பக்கமும் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கும். உள்பக்கப் படலத்தை மறந்து மூடிவிட்டால் படமெல்லாம் பனி மூடியது போல வரும். ஒவ்வொரு ஸ்க்ரூக் குழிக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கொடுத்து மரை சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா பார்ப்பது எல்லாவற்றையும் விட முக்கியம். மலிவு ஹவுசிங்கில் பெயின்ட் புகுந்து மரை அடைத்திருக்கும், சில குழிகளில் மரையே இருக்காது. போர்டை இறக்கிய பிறகு இது தெரியவந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். போர்டில் இருக்கும் குட்டி ஸ்பிரிங் தகடுகள் ஃப்ரேமில் சில இடங்களைத் தொடும். ஒரிஜினலில் அந்த இடம் மட்டும் பெயின்ட் இல்லாமல் பளபளவென்று உலோகமாக இருக்கும். எர்த்தும் ஆன்டெனா இணைப்பும் அந்த வழியாகத்தான். டூப்ளிகேட் கூட்டில் அந்த இடத்தையும் சேர்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது; சிக்னல் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய கூட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தேவையான இடத்தில் மட்டும் கத்தி முனையால் லேசாகச் சுரண்டி, தூசியைத் துடைத்துவிடுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு நுண்ணிய ப்ளஸ் முனைத் திருப்புளி. ஐபோனென்றால் அடியில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவுக்கு 0.8 மி.மீ. ஐந்திதழ் முனை; ஐபோன் 7 முதல் உள்ளே மூன்று கால் முனையும் வேண்டும். பிளாஸ்டிக் ஓப்பனர், கிட்டார் பிக் வடிவத் தகடுகள் நாலைந்து, கூர் முனை ட்வீசர், ஹேர் டிரையர், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பி-7000 பசை அல்லது அந்த மாடலுக்கென்றே வெட்டிய ஒட்டு டேப். நகச்சாய ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். சூப்பர் க்ளூவும் கூடாது. காயும்போது கிளம்பும் ஆவி கேமரா கண்ணாடியில் வெள்ளையாகப் படியும்.

போனைத் திறப்பதற்கு முன் *#06# அழுத்தி போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்து வையுங்கள். சில மாடல்களில் எண் பழைய கூட்டின் முதுகிலேயே அச்சாகியிருக்கும், அது கூட்டோடு போய்விடும். பேட்டரி 25 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை பயன்படுத்திவிட்டு அணையுங்கள். தப்பித்தவறிப் பேட்டரியில் குத்துப்பட்டால், சார்ஜ் குறைவாக இருப்பது தீயின் வேகத்தைக் குறைக்கும். ஒரு கிண்ணம் உலர்ந்த மணலும் பக்கத்தில் இருக்கட்டும். பின் மூடி தூக்கிக்கொண்டு, பேட்டரி உப்பியிருக்கும் போனில் இந்த வேலையை வீட்டில் தொடங்கவே வேண்டாம்.

பின் பேனலின் விளிம்பை ஹேர் டிரையரால் சுற்றிச் சுற்றி ஒன்றிரண்டு நிமிடம் சூடாக்குங்கள். 60 முதல் 80 டிகிரி செல்சியஸில் பசை இளகும். விரலை ஓரிரு விநாடிக்கு மேல் வைக்க முடியாத சூடு. ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் பேட்டரியும் சேர்ந்து சூடாகும். ஒரு ஓரத்தில் தகடு நுழைந்ததும் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, அடுத்த தகட்டைக் கொஞ்சம் தள்ளிச் செருகி, சுற்றிலும் மெதுவாக அறுத்து வாருங்கள். தகடு 3, 4 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகத் தேவையில்லை. அதற்குள்ளேதான் சார்ஜிங் சுருளும் கேபிள்களும் இருக்கும். பின்பக்கக் கைரேகை சென்சார் உள்ள போனென்றால், பேனல் விரல் அகலம் தூக்கியதும் நிறுத்தி உள்ளே எட்டிப் பாருங்கள். சென்சாரின் ஸ்ட்ரிப் (தட்டையான மெல்லிய கேபிள்) பேனலுக்கும் போர்டுக்கும் நடுவே பாலம் போல நிற்கும். வேகமாகத் திறந்தால் அறுந்துவிடும். பல மாடல்களில் புது சென்சார் மாற்றினாலும் கைரேகை வேலை செய்யாது. ஐபோனின் ஹோம் பட்டனும் முகம் அறியும் தொகுதியும் அந்தந்த போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டவை. அவற்றைக் காயமில்லாமல் இடம் மாற்றுவதுதான் நல்ல வழி.

உள்ளே தெரிந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. மற்ற எதையும் அதற்கு முன் தொடக் கூடாது. மின்சாரம் இருக்கும்போது டிஸ்ப்ளே கனெக்டரைக் கழற்றியோ மாட்டியோ பேக்லைட் சர்க்யூட் எரிந்துபோவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

ஒரு அட்டையில் போனின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். எல்லாம் ஒன்று போலத் தெரிந்தாலும் நீளம் வேறு. நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் குழியில் போட்டு முறுக்கினால், அது போர்டுக்குள் இறங்கி உள்ளடுக்குத் தடங்களை அறுத்துவிடும், அரை மி.மீ. கூடப் போதும். முறுக்கும்போது வழக்கத்துக்கு மாறாக இறுக்கம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். இப்படிச் செத்த போர்டை மீட்பது மிகக் கடினம்.

பேட்டரிக்கு அடியில் இழுப்புப் பட்டை இருந்தால், போனோடு ஒட்டினாற்போலத் தாழ்வாக, நிதானமாக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் ஓரத்தில் சில சொட்டு ஆல்கஹால் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக் கார்டால் நெம்புங்கள். உலோகக் கருவி கூடாது. வளைந்த பேட்டரியைத் திரும்பப் போடக் கூடாது.

போர்டு, சார்ஜிங் சப் போர்டு, ரிங்கர் (சத்தமாக ஒலிக்கும் ஸ்பீக்கர்), வைப்ரேட்டர், கேமரா ஆகியவை கண்ணுக்குத் தெரியும், யாரும் மறப்பதில்லை. மறப்பது இவற்றைத்தான். மைக் துளையில் இருக்கும் ரப்பர்: அது இல்லாவிட்டால் ரிங்கரின் ஒலி கூட்டுக்குள்ளேயே மைக்குக்குப் போய், எதிர்முனைக்காரருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும். இயர்பீஸ் அருகே, காது நெருங்குவதை உணரும் ப்ராக்சிமிட்டி சென்சாரைச் சுற்றிய கறுப்பு ரப்பர்: அது இல்லாவிட்டால் சென்சாரின் ஒளி கண்ணாடிக்குள்ளேயே திரும்பி வரும், காது ஒட்டியிருக்கிறது என்று போன் நினைத்துத் திரையை அணைத்துவிடும். ஃப்ளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் ஃபோம் வளையம்: விட்டுப்போனால் இரவுப் படங்களில் வெண்புகை. ரிங்கர், இயர்பீஸ் வலைகள். வெப்பத்தைப் பரப்பும் கறுப்பு கிராஃபைட் தாள், செப்புத் தாள். கனெக்டர்களை அமுக்கிப் பிடிக்கும் தகடுகள். இவை இல்லாமல் மூடினால் அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும், ஒரு முறை கீழே விழுந்ததும் கனெக்டர் கழன்றுவிடும். போர்டையும் சப் போர்டையும் இணைக்கும் மெல்லிய ஆன்டெனா வயர், அது போகும் பள்ளம். பள்ளத்தில் சரியாகப் படுக்காமல் பேட்டரிக்கு அடியில் நசுங்கினால் சிக்னல் போய்விடும்.

எல்லாம் கழற்றிய பின் பழைய கூட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். புதுக் கூட்டில் இல்லாத எதுவும் அதில் மிஞ்சக் கூடாது. ரப்பரும் வலையும் ஒட்டிக்கொண்டிருந்தால், பின்னாலிருந்து லேசாகச் சூடு காட்டி ட்வீசரால் மெல்ல உரியுங்கள்.

புதுக் கூட்டில் முதலில் போக வேண்டியது கீகளும் அவற்றின் ஸ்ட்ரிப்பும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பவை என்பதால், பிறகு திருத்த வேண்டுமானால் மொத்தத்தையும் கழற்ற வேண்டிவரும். ஸ்ட்ரிப்பில் உள்ள குமிழ் கீயின் நேர் பின்னால் நிற்க வேண்டும், ஒரு மி.மீ. தள்ளியிருந்தாலும் அழுத்தும்போது 'டக்' என்ற உணர்வு வராது. அந்த 'டக்' விரலுக்குத் தெரியும்வரை மேலே போகாதீர்கள். பிறகு வைப்ரேட்டர், சப் போர்டு, போர்டு, கேமரா. கனெக்டரை விரல் நுனியால் நேராக வைத்து, ஒரு பக்கம் உட்கார்ந்த பிறகு மறுபக்கம் அமுக்குங்கள். உட்காராத கனெக்டரை அழுத்தினால் அதன் பின்கள் மடங்கும். டிஸ்ப்ளே கனெக்டரையும் மாட்டிய பிறகு, பேட்டரி கனெக்டர் கடைசியில்.

பசை போடுவதற்கு முன் ஆன் செய்து பாருங்கள். ஐஎம்இஐ எண் குறித்து வைத்ததோடு ஒத்துப்போகிறதா, சிம் பிடிக்கிறதா, வைஃபை அடுத்த அறையிலும் எடுக்கிறதா, சார்ஜ் ஏறுகிறதா, கைரேகை, இரண்டு கேமரா, ஃப்ளாஷோடு ஒரு இருட்டுப் படம். கடைசியாக ஒருவரை அழைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள்; ஸ்பீக்கரில் போட்டும் பேசுங்கள். எதிரொலியும் திரைக் கோளாறும் இந்த அழைப்பில்தான் பிடிபடும்.

எல்லாம் சரியென்றால் அணைத்து, பழைய பசையை ஆல்கஹாலால் துடைத்து, விளிம்பில் நூல் கனத்துக்கு மட்டும் பசை ஓட்டுங்கள். கனமாக ஓடினால் மூடும்போது வழிந்து மைக் துளைக்கும் ஸ்பீக்கர் வலைக்கும் போகும். இரண்டு மூன்று நிமிடம் காற்றாட விட்டுப் பேனலை வைத்து, ரப்பர் பேண்டுகளை நாலு இடத்தில் போட்டு, மேசையில் தட்டையாக வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். முழுப் பலம் வர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். பேனல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள். ஒரு ஸ்ட்ரிப் மடங்கியிருக்கும், அல்லது பேட்டரி அதன் பள்ளத்தில் இறங்காமல் இருக்கும். திறந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

ஐபி 67 முத்திரை உள்ள போன் 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும்படி தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டது. கையால் ஒட்டிய பிறகு அந்தப் பாதுகாப்பை நம்பித் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ரப்பர் பேண்டுகளை எடுத்ததும் சிம் ட்ரேயை ஒருமுறை வெளியே இழுத்துப் பாருங்கள்; வழிந்த பசையில் அது ஒட்டியிருந்தால், ஓரத்தில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு இளக்கி எடுக்கலாம்.